நாணயம் வைக்க: ஆல்பமா, அட்டை ஹோல்டரா, கேப்ஸ்யூலா?

புரட்டிப் பார்க்க ஆல்பம்தான் வசதி, விலையும் குறைவு. கேப்ஸ்யூல் எனும் கெட்டி பிளாஸ்டிக் வட்டக் கூடு காசைக் கீறல் படாமல் காக்கும், பையைக் காலி செய்யும். இதையெல்லாம் எவரும் சொல்லிவிடுவார்கள். பத்து வருடம் உள்ளே கிடந்த காசு எப்படி வெளியே வரும் என்பதுதான் கேள்வி. அதற்கு என் ஓட்டு அட்டை ஹோல்டருக்கு: வட்டமாகப் பிளாஸ்டிக் ஜன்னல் வைத்து, காசை நடுவில் இட்டு இரண்டாக மடிக்கும் அட்டை அது.

மலிவு ஆல்பங்களின் வழவழ பக்கங்கள் பெரும்பாலும் பிவிசி என்ற பிளாஸ்டிக். அதை மென்மையாக்கக் கலக்கும் பொருள் நாளடைவில் கசியும். பிவிசி சிதைந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வரும். செம்பில் பச்சைப் பிசுக்கு ஒட்டுவது இதனால்தான். பிரிட்டிஷ் கால வெள்ளி ரூபாயும் தப்பாது, அதிலும் செம்பு கலந்திருக்கிறது: 1939 வரையிலான ரூபாயில் பன்னிரண்டில் ஒரு பங்கு வெள்ளி அல்லாத உலோகம், 1940 முதல் 1945 வரை வந்ததில் வெள்ளி பாதிதான், செம்பு மட்டும் 40 சதவீதம். எத்தனை வருடத்தில் பிசுக்கு வரும் என்று நாள் குறிக்க முடியாது. வெக்கையும் கடலோர ஈரமும் அதை விரைவுபடுத்தும்.

பக்கத்தை மோந்து பாருங்கள். புது ரெயின்கோட் வாடை அடித்தால் சந்தேகம்தான். உறுதி செய்ய, செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, பக்கத்தின் ஓரத்தைத் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் பிவிசி. ஜன்னல் திறந்திருக்கட்டும், புகை நல்லதல்ல. பிசுக்கு ஏற்கெனவே ஒட்டியிருந்தால், கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோன் ஊற்றிச் சில நிமிடம் ஊற வையுங்கள். தேய்க்கக் கூடாது. நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம், அதில் வேறு சரக்கும் கலந்திருக்கும். அருகில் தீயும் கூடாது.

அட்டை ஹோல்டரின் ஜன்னல் மைலார், அதாவது பாலியஸ்டர். அதில் கசிய ஒன்றுமில்லை. அந்த வெள்ளி ரூபாய் சுமார் 30.5 மி.மீ. அகலம், அதற்கு 32.5 மி.மீ. ஜன்னல் எடுங்கள், 17.5 மி.மீ. தம்பிடிக்கு (அந்தக் காலச் சின்னச் செப்புக் காசு) 20. மடித்து, திறந்த மூன்று பக்கமும் காசைத் தொடாமல் ஸ்டேப்ளர் பின் அடித்து, பின்னின் முதுகை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். நசுக்காவிட்டால் அது அடுத்த ஹோல்டரின் ஜன்னலைக் கிழிக்கும். காசை எடுக்கும்போது அட்டையைப் பிய்க்க வேண்டாம், பின் பட்டு வெள்ளியில் கோடு விழும். முதலில் பின்னைக் கழற்றுங்கள். கடலோர ஊர்களில் பின் துருப்பிடிக்கும். ஆண்டுக்கொரு முறை பார்த்து மாற்றுவது இந்த ஹோல்டருக்குக் கொடுக்க வேண்டிய விலை. பருமனான காசும் இதற்குச் சரிவராது, மைலார் கிழியும்.

கேப்ஸ்யூலை நல்ல நிலையிலுள்ள 1911 'பன்றி ரூபாய்' போன்றவற்றுக்கு ஒதுக்கலாம். (காசிலுள்ள ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் உருவத்தின் அங்கியிலிருந்த யானை பன்றிபோல் தெரிந்ததால் வந்த பெயர்.) அளவு காசோடு பொருந்த வேண்டும், இல்லையேல் உள்ளே ஆடி விளிம்பு தேயும். சுத்தியலால் அடித்த சோழர் செப்புக் காசுகள் சரிவட்டமாக இருக்காது, ஆடத்தான் செய்யும்.

ஒன்றில் மட்டும் மூன்றுமே உதவாது. சென்னைக்கு வரும் வழியில் 1809-இல் இங்கிலாந்துக் கரையோரம் மூழ்கிய அட்மிரல் கார்ட்னர் கப்பலின் 1808 காசுகள் போல, உப்பில் ஊறிய செம்புக்குள் குளோரைடு தங்கியிருக்கும். ஈரம் பட்டால் வெளிர்பச்சைப் பொடி பூக்கும். அவற்றைத் தனி டப்பாவில், ஈரம் உறிஞ்சி நிறம் மாறும் வகைச் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்திவிட்டுத் திரும்பப் போடுங்கள்.