வட்டவளைக் காற்றில் ஆறு வருடம்: என் விறகுக் கொட்டகையின் கைமரங்கள்

எங்கள் பக்கத்துத் தகரக் கூரைகளின் மேலே கருங்கல், மணல் மூட்டை, பழைய டயர் எல்லாம் கிடக்கும். மே மாதம் தென்மேற்குப் பருவம் தொடங்குமுன் இன்னும் நாலு கல் ஏற்றி வைப்பார்கள். 2019இல் விறகுக்கும் மண்வெட்டிக்கும் என்று நான் போட்ட கொட்டகையின் கூரையில் ஒரு கல்லும் இல்லை. வருடத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை விழும், இலங்கை மலையகத்து வட்டவளையில் அது இன்னும் அசையாமல் நிற்கிறது.

வேலை செய்த தச்சு பாஸ் முதல் நாளே சொன்னார்: "தம்பி, மழை கூரைய அமுக்கும், காத்து தூக்கும். ரெண்டுக்கும் சேத்துத்தான் அடிக்கணும்."

கொட்டகை 12 அடி நீளம், 8 அடி அகலம். அகலத்தில் பாதி 4 அடி. முகட்டை 3 அடி உயர்த்தினால் சரிவு நீளம் சரியாக 5 அடி வரும். மூலைமட்டம் பார்க்கப் பிடிக்கும் அதே 3-4-5 கணக்குதான். இதில் முகட்டுப் பலகைத் தடிப்பில் பாதிக்கு இடம் விட்டு, இறவாரத்துக்கு ஓரடி கூட்டி, முதலில் ஒரேயொரு கைமரத்தை (முகட்டிலிருந்து சுவருக்குச் சரியும் கூரைச் சட்டத்தை) வெட்டி மேலே வைத்துப் பார்த்தோம். அது பொருந்திய பிறகே, அதையே மாதிரியாக வைத்து மற்றவற்றில் கோடு போட்டோம். மரத்தில் இயல்பாக இருக்கும் வளைவு மேல்பக்கம் வரும்படி வைப்பது முக்கியம். பாரம் ஏறும்போது நேராகிவிடும்.

சுவர்வளையில், அதாவது சுவரின் மேல் படுக்கவைத்த மரத்தில், கைமரம் உட்காரும் வெட்டு, கைமரத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 4 அங்குல மரத்துக்கு ஒன்றேகால் அங்குலம் போதும். ஆழமாக வெட்டினால் இறவாரம் அந்த இடத்திலேயே முறியும்.

2 அடிக்கு ஒரு சோடி. ஒவ்வொரு சோடிக்கும் சுவர்வளை மட்டத்தில் ஒரு குறுக்குச் சட்டம். பாரத்தில் கைமரங்களின் அடி வெளியே விலகிச் சுவரைத் தள்ளாமல் பிடிப்பது அதுதான். ஏணியையும் மூங்கில்களையும் இப்போது அதன் மேல்தான் போட்டு வைக்கிறேன், அதனால் தரை காலியாக இருக்கிறது.

காற்றுக்கான பதில் இரும்புப் பட்டி. ஒவ்வொரு கைமரத்தின் மேலாகவும் வளைத்து, இரு பக்கமும் சுவர்வளையோடு ஆணி அடித்தோம். வளையைத் தூணோடும் அப்படியே கட்டினோம். மேலிருந்து சாய்வாக அடித்த ஆணியை மட்டும் நம்பினால், பச்சை மரம் காய்ந்து சுருங்கும்போது பிடி தளர்ந்து, காற்று அதைப் பிடுங்கிவிடும். கூரை பறந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அநேகமாக மரம் முறிவதில்லை, மூட்டுத்தான் கழன்றுவிடுகிறது.

மரம் டர்பன்டைன் என்ற வகை. பூச்சி இன்னும் தொடவில்லை. ஓரத்துக் கைமரம் ஒன்று கொஞ்சம் முறுக்கிக்கொண்டது, தகரம் ஒழுகவில்லை. மழை படும் நுனிகள் கறுத்துவிட்டன, உள்ளே உறுதிதான்.

எனக்குக் கவலை தருவது டிசம்பர், ஜனவரிக் குளிர். விடியற்காலையில் தகரத்தின் அடியில் நீர் வியர்த்துச் சொட்டுகிறது. அதில் பட்டிகள் துருவேறத் தொடங்கியுள்ளன. முக்கோணச் சுவர் இரண்டிலும் மேலே காற்று போக வழி திறந்தபின் சொட்டுவது நன்றாகக் குறைந்தது. வரும் மே மாதத்துக்குள் பட்டிகளை மாற்றிவிடுவேன். புதிதாகப் போடுபவர்கள் பட்டியையும் ஆணியையும் நாகம் (துத்தநாகம்) பூசியதாகவே கேட்டு வாங்குங்கள்.