ஜெய்ப்பூர் காலா கார்பன் காலா, எங்க அப்பாவுக்கு எது செட் ஆச்சு

சுகரால முட்டிக்குக் கீழ கால் எடுத்தவங்களுக்குச் செயற்கைக் கால்னா பொதுவா மூணு சாய்ஸ் சொல்வாங்க. சாச் பாதம் (கணுக்கால் அசையாது, குதிகால்ல மெத்தை மாதிரி இருக்கும்), ரப்பர்ல செய்யுற ஜெய்ப்பூர் கால், காசு இருந்தா கார்பன் ஃபைபர் பாதம். அப்பாவுக்கு நாங்க ஜெய்ப்பூர்தான் போட்டோம், அதனால அந்தப் பக்கம் கொஞ்சம் சாஞ்சுதான் எழுதுவேன், முன்னாடியே சொல்லிட்டேன்.

விலையப் பத்தி பேச ஒண்ணும் இல்ல. கார்பன் லட்சக்கணக்குல போகும், ஜெய்ப்பூர்ல இருக்குற பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதிங்கற தொண்டு அமைப்புல 1975லேர்ந்து இலவசமாவே மாட்டி விடுறாங்க.

எங்களுக்கு முடிவு பண்ணுனது செருப்புதாங்க. சாச், கார்பன் ரெண்டுமே ஷூ போட்டு நடக்குறவங்கள மனசுல வச்சு வந்தது, ஷூவோட ஹீல் எவ்ளோ உயரமோ அதுக்கு ஏத்தாப்ல டெக்னீஷியன் கோணத்த செட் பண்ணுவாரு. ஷூவக் கழட்டிட்டா குதிகால் கீழ இறங்கும், முழங்கால் பின்னாடி தள்ளும், மல்லாக்க விழப்போற மாதிரி இருக்கும். இப்ப நம்ம ஆளுங்க ஒரு நாளைக்கு எத்தன தடவ செருப்பக் கழட்டுறோம்னு யோசிச்சுப் பாருங்க, வாசல், பூஜை ரூம், பாத்ரூம், கோயில், சொந்தக்காரங்க வீடு. இந்த மாதிரி பிரச்சனைகள வச்சுதான் 1968ல ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் ஆஸ்பத்திரில கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே.சேத்தியும் ரப்பர் பாதத்தக் கொண்டுவந்தாங்க. உள்ள மிருதுவான ரப்பர், கணுக்கால்ல மரக்கட்டை, மேல தோல் கலர்ல ரப்பர் உறை, எல்லாத்தையும் அச்சுல வச்சு வேக வைக்கிறாங்க. கணுக்கால் எல்லாப் பக்கமும் கொஞ்சம் வளையும், அப்பா வரப்புல நடக்குறாரு, சம்மணம் போடுறாரு, ஈரத் தரைல வெறுங்காலோட நிக்கிறாரு. ஆப்கானிஸ்தான்ல கண்ணிவெடில கால் போனவங்க வரைக்கும் இது போய்ச் சேர்ந்ததுக்கு இதான் காரணம்னு நினைக்கிறேன்.

ஆனா ஒண்ணு, சுகர்காரங்க இன்னொரு கால வெறுங்காலா விடவே கூடாது. அதனால வீட்டுக்குள்ளயும் ரெண்டு கால்லயும் பின்வார் வச்ச எம்சிஆர் (மிருதுவான ரப்பர்) செருப்புதான், பாத்ரூம்லயும் பூஜை ரூம்லயும் மட்டும், கூடாதுன்னாலும், கழட்டிக்குவாரு. தட்டையான செருப்புங்கறதால போட்டாலும் கழட்டுனாலும் நடை மாறல.

குறையும் இருக்கு. கனம் ஜாஸ்தி. கையால செய்யுறது, ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. முன்பாதம் மடங்குற இடத்துல ரப்பர் வெடிச்சுது, பாதத்த மட்டும் கழட்டி வேற மாட்டிக் குடுத்தாங்க. மிச்சக் கால் உள்ள போற கூடுதான் சாக்கெட், எச்டிபிஇங்கற பிளாஸ்டிக் பைப்ப சூடு பண்ணி செஞ்சது, வெயில் காலத்துல உள்ள வேர்த்து ஊத்தும், காட்டன் சாக்ஸ் மாத்திக்கிட்டே இருக்கணும். சாயங்காலம் ஆனா கால் கொஞ்சம் வத்தி சாக்கெட் லூசாயிடும், மேல இன்னொரு சாக்ஸ் ஏத்தணும். சாயங்கால சாக்ஸ் எந்தக் காலா இருந்தாலும் உண்டுன்னு கால் மாட்டுற எடத்துக்கு வந்தவங்க சொன்னாங்க.

கார்பன மட்டம் தட்டல. அது ஸ்பிரிங் மாதிரி தள்ளி விடும், ஓடுறவங்க, தினம் ஷூ போட்டு ஆபீஸ் போற சின்ன வயசுக்காரங்க கையில காசு இருந்தா அதையே பாருங்க. அப்பா ஓடுற ஆளு இல்ல, மாட்டிப் பாத்தப்ப நாலு எட்டுதான் வச்சாரு, அத வச்சு நான் தீர்ப்பு சொல்ல முடியாது. முட்டிக்கு மேல எடுத்தவங்க கதையே வேற, அங்க பாதத்த விட முட்டி ஜாயின்ட்தான் முக்கியம், ஸ்டான்ஃபோர்டு ஸ்டூடண்ட்ஸ் ஜெய்ப்பூர் ஆளுங்களோட சேந்து செஞ்ச முட்டிய பத்தி அந்த சமிதிலயே கேட்டுப் பாருங்க.