வீட்டுக்கே வந்து ரகசியமா பால்வினை நோய் டெஸ்ட் எடுக்கிறோம்னு வர்றவங்ககிட்ட ஜாக்கிரதை (சேலம், ஏற்காடு மக்களுக்கு)

7,400 ரூபாய். நான் குடுக்கவே குடுக்காத யூரினுக்கு ரிப்போர்ட் போட்டுக் குடுத்திருக்கானுங்க. கோபம் தணியறதுக்குள்ள எழுதிடணும்னு உக்காந்திருக்கேன், முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க.

"உனக்கு எதுக்கு இந்த டெஸ்ட்டு?"ன்னு கேக்க வர்றவங்க இங்கயே நின்னுக்கலாம். அது என் சொந்த விஷயம். சுகர் டெஸ்ட் எடுக்கப் போனவன்கிட்ட நேத்து எத்தனை ஜிலேபி தின்னேன்னு யாரும் விசாரிக்கிறதில்ல.

நான் இருக்கிறது ஏற்காட்டுல, நாகலூர் பக்கம். மேல யாருக்கு யாரைத் தெரியாது சொல்லுங்க. லேபுல ரத்தம் எடுக்கிற பொண்ணு என் தங்கச்சியோட படிச்சது. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னாலே "என்னாச்சு கண்ணு"ன்னு நாலு பேரு கேப்பாங்க. மெடிக்கல்ல ஆணுறை வாங்கினா சாயங்காலத்துக்குள்ள ஒண்டிக்கடை ரவுண்டானா வரைக்கும் சேதி போயிடும். கீழ சேலத்துல லேபுக்குப் பஞ்சமில்ல. ஆனா பத்துப் பேரு நிக்கிற கவுண்டர்ல "என்ன டெஸ்ட்டு சார்?"னு சத்தமா கேட்டா எச்.ஐ.வி.ன்னு சொல்ல வாய் வருமா? இந்தக் கூச்சம் இருக்கு பாருங்க, அவனுங்க கடை போட்டிருக்கிறதே இது மேலதான்.

ராத்திரி போன்ல தேடினப்போ முதல்ல வந்து நின்னது அந்தக் கம்பெனி. ஆன்லைன்ல புக் பண்ணா வீட்டுக்கே ஆள் அனுப்பி ரத்தம் எடுக்கிற வகை. பேரு இங்க போடல, புகார் போயிட்டிருக்கு. "100 சதவீதம் ரகசியம், சேலம் மாவட்டம் முழுக்க, மலைக் கிராமங்களுக்கும்"னு போட்டிருந்தாங்க. மலைக் கிராமங்களுக்கும்! அந்த ஒரு வார்த்தைதான் இழுத்துச்சு. பதினாலு டெஸ்ட்டு சேர்ந்த முழுப் பேக்கேஜ், 12,000-ஐ அடிச்சுட்டு 7,400 ரூபாய். எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி, சி, ஹெர்பிஸ், கொனோரியா, கிளமிடியா, அப்புறம் எண்ணிக்கைக்காக கொலஸ்ட்ராலும் வைட்டமின் டி-யும். பால்வினை நோய்க்கும் கொலஸ்ட்ராலுக்கும் என்ன சம்பந்தம்னு இன்னைக்கு வரைக்கும் யாரும் சொல்லல.

நம்பரை அடிச்சுட்டு காலையில எழுந்தா ஒரு பொண்ணு கூப்பிட்டுச்சு. அந்தக் குரல் இன்னும் காதுல இருக்குங்க. அதட்டல் இல்ல, கேலி இல்ல. "பயப்படாதீங்க சார், டெஸ்ட் எடுக்கிறவங்கதான் பொறுப்பான ஆளுங்க"ன்னு சொல்லுச்சு. அத்தனை நாளா யார்கிட்டயும் வாயைத் திறக்காம இருந்தவனுக்கு அது எப்படி இருக்கும்னு இதே நிலைமையில இருந்தவங்களுக்குத் தெரியும். எந்த ஊருன்னு கேட்டுச்சு, ஏற்காடுன்னேன். "அய்யோ, ஏற்காடா சார்? எங்க அம்மாயி ஊரு வாழவந்தி! லீவுக்கெல்லாம் அங்கதான் வருவோம்"னுச்சு. முடிஞ்சுது. நம்ம ஊர்ப் பொண்ணு, நம்மளை அசிங்கப்படுத்தாதுன்னு மனசு இறங்கிருச்சு. எத்தனை நாள் கழிச்சு டெஸ்ட் எடுக்கணும்னு கேட்டதுக்கு, "நாள் கணக்கெல்லாம் பழைய மெஷினுக்கு சார், எங்களோடது அட்வான்ஸ்டு, எப்ப எடுத்தாலும் காட்டிடும்"னு பதில் வந்துச்சு. அனுப்பின க்யூ.ஆர். கோடுல கம்பெனி பேரு வரல, யாரோ ஒருத்தர் பேரு வந்துச்சு. "எங்க அக்கவுண்ட்ஸ் மேனேஜர் சார்"னு சொன்னாங்க. 7,400 போயிருச்சு.

இந்த அம்மாயி கதையோட மிச்சத்தையும் இங்கயே சொல்லிடறேன். பிரச்சனை ஆனதுக்கு அப்புறம் மேட்டூர்ல இருக்கிற என் நண்பனை விட்டு, புதுசா டெஸ்ட் எடுக்கிற மாதிரி அதே நம்பருக்குப் பேசச் சொன்னேன். அதே பொண்ணு. "மேட்டூரா சார்? எங்க அம்மாயி ஊரு கொளத்தூர்!"னுச்சாம். அவன் ஸ்பீக்கர்ல போட்டுக் காட்டினப்போ சிரிக்கிறதா அழறதான்னு தெரியல. ஊருக்கு ஒரு அம்மாயி வெச்சிருக்காங்க போல.

வீட்டுக்கே வர்றோம்னு சொன்னவங்க வந்தாங்களா? பையன் போன் பண்ணி, "அண்ணா, இருபது கொண்டை ஊசி ஏறி வர எனக்கு பெட்ரோல் காசு தர்றதில்லண்ணா, அடிவாரம் வந்துடுங்க"ன்னான். பாவம், அவன் மேல கோபம் இல்ல. லீவு போட்டுட்டு இறங்கிப் போனேன். பூட்டியிருந்த ஒரு கடைத் திண்ணையில உக்கார வெச்சு ரத்தம் எடுத்தான், மத்தியானம் பன்னெண்டு மணி வெயில்ல. சிரிஞ்சு புதுசு, கண் முன்னாடிதான் பிரிச்சான், அதை மட்டும் ஒத்துக்கிறேன். கையுறை இல்ல. ட்யூப்ல பேரு எழுதல, "போயி ஒட்டிக்குவேன்"னான். சாப்பாடு டெலிவரி பண்ற பைக்குள்ள போட்டான், ஐஸ் கிடையாது. கையெழுத்து வாங்குற படிவம், சம்மதம், எதுவும் கிடையாது. "யூரின் வேணாமா தம்பி?"ன்னு நானேதான் கேட்டேன். "அதெல்லாம் ரத்தத்துலயே பாத்துக்குவாங்கண்ணா"ன்னு வண்டியைக் கிளப்பிட்டான்.

ரிப்போர்ட் வாட்ஸ்அப்ல வந்துச்சு. கலர் கலரா கிராஃபு, ஓரத்துல ஒரு டாக்டர் கையெழுத்துப் படம். கொனோரியா, கிளமிடியா ரெண்டும் நெகட்டிவ். பக்கத்துல சின்ன எழுத்துல: மாதிரி வகை, சிறுநீர். சேகரித்த நேரம், காலை 6.10.

காலை 6.10-க்கு நான் போர்வைக்குள்ள இருந்தேங்க.

அதோட விடல. ஹெர்பிஸ் 1, 2 ஐஜிஜி (ரத்தத்துல இருக்கிற எதிர்ப்பொருளைப் பாக்கிற டெஸ்ட்டு) பாசிட்டிவ்னு சிவப்புல அடிச்சு, பத்து நிமிஷத்துல இன்னொருத்தன் "மெடிக்கல் கவுன்சிலர்"னு கூப்பிட்டான். "சார், வைரஸ் உள்ள இருக்கு, விட்டா நரம்புல ஏறிடும், எங்க மூலிகைக் கோர்ஸ் எடுத்தா வேரோட போயிடும், 16,000 ரூபாய், இன்னைக்கே கட்டினா 14,500." அன்னைக்கு ராத்திரி தூக்கம் இல்ல. ஆனா அந்த 6.10 கண்ணுலயே நின்னுச்சு. யூரினே எடுக்காம யூரின் ரிசல்ட் போட்டவன் ரத்தத்தை மட்டும் ஒழுங்கா பாத்திருப்பானா? பணம் கட்டல.

கேள்வி கேக்க ஆரம்பிச்சதும் அம்மாயி வீட்டுப் பொண்ணு லைன்லயே வரல. முதல்ல "டைப்பிங் மிஸ்டேக் சார், ரத்தம்னு மாத்திப் படிச்சுக்கோங்க"ன்னாங்க. கொனோரியாவையும் கிளமிடியாவையும் இப்பக் கிருமி இருக்கான்னு பாக்க யூரின்லயோ, அந்தந்த இடத்துல பஞ்சுக்குச்சி வெச்சு எடுக்கிற மாதிரியிலயோதான் பாக்கணும்னு சொன்னேன். "டெக்னிக்கல் டீமுக்கு அனுப்பிட்டோம், 48 மணி நேரம்." அப்புறம் மறுபடியும் 48 மணி நேரம். அப்புறம் "மறுசாம்பிள் எடுக்கலாம், விசிட் சார்ஜ் 900 மட்டும்." 7,400 வாங்கினவன் இன்னொரு 900 கேக்குறான்! மேனேஜர் மீட்டிங்ல இருக்காரு, லீவுல இருக்காரு, டிராவல்ல இருக்காரு. கடைசியா ஒருத்தன் வந்தான், குரல் ரொம்ப மரியாதையா. "சார், கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போனா இந்த ரிப்போர்ட்டை எல்லாரும் பாப்பாங்களே. வீட்டுல தெரியுமா சார்? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்." இவ்வளவுதான் அவனுங்க தொழில் ரகசியம். ஏமாந்தவன் வெளிய சொல்ல மாட்டான். அதனாலதான் சொல்றேன்.

அதுக்கப்புறம் நான் போனது சேலம் பெரியாஸ்பத்திரி, மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்க நம்பிக்கை மையம்னு இருக்கு, எச்.ஐ.வி. ஆலோசனையும் டெஸ்ட்டும் இலவசம். பால்வினை நோய்க்கு சுகவாழ்வு மையம்னு தனியா. கூட்டம் இருக்கும்தான். அந்தக் கூட்டம்தான் நமக்குப் பாதுகாப்பு, அவங்கவங்க வலியோட வந்திருக்காங்க, யாரும் யாரையும் பாக்குறதில்ல. கதவைச் சாத்திட்டு உள்ள ஒரு அக்கா பேசினாங்க. எடுத்த எடுப்புல கேட்ட கேள்வியே "கடைசியா எப்போங்க?"ங்கிறதுதான். எச்.ஐ.வி. ரத்தத்துல தெரிய நாளாகுமாம். விரல் நுனியில எடுக்கிற வேக டெஸ்ட்டு உடம்பு உண்டாக்கிற எதிர்ப்பொருளைத்தான் பாக்குது, அதனால 3 மாசம் கழிச்சு இன்னொரு தடவை பாத்தாத்தான் உறுதி. எந்த "அட்வான்ஸ்டு மெஷினும்" மறுநாளே சொல்லிடாது. முதல் கிட்டுல ரியாக்டிவ்னு, அதாவது தொத்து இருக்கலாம்னு வந்தாலும் அதோட முடிவு பண்ண மாட்டாங்க, வேற வேற கிட்டுல திரும்பப் பாத்துட்டுத்தான் சொல்லுவாங்களாம். சம்மதம் கேட்டு எழுதி வாங்கித்தான் ரத்தம் எடுத்தாங்க. 2017-ல வந்த எச்.ஐ.வி. சட்டப்படி நம்ம சம்மதம் இல்லாம டெஸ்ட் எடுக்கவும் கூடாது, நம்ம நிலையை வெளிய சொல்லவும் கூடாது. திண்ணையில உக்கார வெச்சு எடுத்தவனுங்களுக்கு இதெல்லாம் யாரு சொல்றது.

சிபிலிஸுக்கு வி.டி.ஆர்.எல்.ங்கிற ரத்த டெஸ்ட்டு அங்கயே பாத்தாங்க, காசு இல்ல. அது பாசிட்டிவ் வந்தாலும் வேற காரணத்தாலயும் வரலாம், இன்னொரு டெஸ்ட்டு வெச்சு உறுதிப்படுத்தணும், உறுதியானா பென்சிலின் ஊசியில குணமாகிற நோய்தான்னு டாக்டர் சொன்னார். ஹெர்பிஸ் பேப்பரை நீட்டினேன். சிரிச்சுட்டார். "தம்பி, இது ஒண்ணு, ரெண்டுன்னு ரெண்டு வகையையும் சேர்த்துப் பாத்த டெஸ்ட்டு. சின்ன வயசுல உதட்டோரம் கொப்புளம் வந்திருந்தாலும் பாசிட்டிவ்தான் காட்டும். எப்ப வந்துச்சு, எங்க வந்துச்சுன்னு இது சொல்லாது. புண்ணு இல்லாதவங்களுக்கு இதை எடுக்கவே தேவையில்ல." அந்த வைரஸை வேரோட எடுக்கிற மருந்து உலகத்துலயே கிடையாதாம், புண்ணு வந்தா அடக்கத்தான் மாத்திரை இருக்கு. 16,000 ரூபாய் மூலிகை எதை வேரோட எடுக்குமோ, நம்ம பர்ஸைத்தான். பால்வினை நோயைக் குணமாக்குறோம்னு மருந்துக்கு விளம்பரம் பண்றதையே 1954-ல வந்த சட்டம் தடை பண்ணியிருக்கு.

ஒண்ணு நேர்மையா சொல்லணும். கொனோரியா, கிளமிடியாவுக்கு அரசு மையத்துல பெரும்பாலும் அறிகுறியை வெச்சுத்தான் மருந்து குடுப்பாங்க, அதுவும் இலவசம். அறிகுறி இல்லாம யூரின் பி.சி.ஆர். (யூரின்ல கிருமியோட மரபணுவைத் தேடுற டெஸ்ட்டு) வேணும்னா பெரும்பாலும் தனியார் லேபுக்குத்தான் போகணும். அறிகுறியே இல்லாம இருக்கிறவங்க நிறைய, பொம்பளைங்களுக்கு இன்னும் அதிகம், அதனால தேவைப்பட்டா எடுங்க. ஆனா நேரா போய், டாக்டர் எழுதின சீட்டோட, ஒண்ணு ரெண்டு டெஸ்ட்டு மட்டும். பேக்கேஜ் வேணவே வேணாம்.

என்ன பண்ணணும்னு விவரமா எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், அடுத்த ஷிஃப்டுக்கு நேரமாச்சு. அவசரமா சிலது:

தனி ஆள் பேருக்குப் பணம் அனுப்பாதீங்க. ரிப்போர்ட்டுல என்.ஏ.பி.எல். (லேபுகளுக்குத் தர அங்கீகாரம் குடுக்கிற தேசிய வாரியம்) முத்திரையும் நம்பரும் இருக்கான்னு பாத்து, அந்த நம்பரை அவங்க தளத்துல சரி பாருங்க, "ஐ.எஸ்.ஓ."ங்கிற ஸ்டிக்கரை நம்பாதீங்க. மாதிரி வகை, சேகரித்த நேரம், இந்த ரெண்டு வரியைப் படிங்க. ட்யூப்ல உங்க கண் முன்னாடி பேரு எழுதலைன்னா கையை நீட்டாதீங்க. மருந்து விக்கிறவனே டெஸ்ட்டும் எடுத்தா எழுந்து வந்துடுங்க.

ஏமாந்திருந்தா 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், நான் பதிஞ்சுட்டேன். அங்க தீரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரைக்கும் மனுவுக்குக் கட்டணம் இல்ல. 7,400 திரும்பி வருமான்னு தெரியல, விடுறதா இல்ல.

முக்கியமா, பயம் நேத்து முந்தாநாள் நடந்ததைப் பத்தின்னா டெஸ்ட் புக் பண்ணிட்டு உக்காந்திருக்காதீங்க. 72 மணி நேரத்துக்குள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்க, எச்.ஐ.வி. தொத்தாம தடுக்க 28 நாள் மாத்திரை இருக்கு, எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது. எங்க போறதுன்னு தெரியலைன்னா 1097-க்கு அடிங்க, காசு இல்ல.