சாகக் கிடக்கும் கோழிக்கு ஓ.ஆர்.எஸ். பொடி: எதை வாங்குவது, எப்படிக் கொடுப்பது

வயதான வளர்ப்புக் கோழி இரை எடுக்காமல், இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் தூங்கி விழ ஆரம்பித்துவிட்டதா? மருந்துக்கடையில் முதலில் கேட்க வேண்டியது ஆன்டிபயாட்டிக் அல்ல, தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொடியான ஓ.ஆர்.எஸ். இது நோயைக் குணப்படுத்தாது. ஈரல் கெட்டுப்போனதையும், வயிற்றில் நீர் கோத்ததையும், முட்டைக்குழாயில் வந்த கட்டியையும் இந்தப் பொடி ஒன்றும் செய்யாது. அந்தக் கோழி நா வறண்டு சாகாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வேலைக்கு, 30 ரூபாய்க்குள் இதைவிட நல்ல பொருள் கிடையாது.

பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள். 1 லிட்டருக்கு டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் சர்க்கரை) 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6, சோடியம் சிட்ரேட் 2.9, பொட்டாசியம் குளோரைடு 1.5 என்று இருந்தால் அது உலக சுகாதார நிறுவனம் 2002இல் சொன்ன அளவு. எலெக்ட்ரால் 21.8 கிராம் பாக்கெட் இந்தக் கணக்குதான். குடிக்கத் தயாராக அட்டை டப்பாவில் வரும் இனிப்புப் பானம் வேண்டாம். குடலில் சர்க்கரையும் உப்பும் சேர்ந்து உள்ளே போகும்போதுதான் தண்ணீர் கூடவே போகும். சர்க்கரை கூடினால் தண்ணீர் குடலுக்குள் திரும்பி இழுக்கப்பட்டு, கழிச்சல் இன்னும் மோசமாகும். இப்படிப்பட்ட பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக்கூடாது என 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உத்தரவே போட்டது.

ஒரே ஒரு கோழிக்கு லிட்டர் பாக்கெட் வீண். 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட் கேட்டு வாங்குங்கள். பெரிய பாக்கெட்டைப் பிரித்துக் கண்மதிப்பில் கலக்கும்போதுதான் தப்பு நடக்கிறது; பொடி கெட்டியாகக் கலந்துவிட்டால் உப்பு அதிகமாகி, ஏற்கெனவே தளர்ந்திருக்கும் சிறுநீரகத்துக்குச் சுமை. கொதித்து ஆறிய தண்ணீரில், கையில் விட்டால் இளஞ்சூடு தெரியும் பதத்தில் கலக்கவும். கலந்த பிறகு அடுப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடவும். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இதையே கொடுக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு தட்டில் சாதாத் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

பொடியைவிடக் கொடுக்கும் விதம் முக்கியம். சாகக் கிடக்கும் கோழிக்குப் பாசத்தால் செய்யப்படும் பெரிய கெடுதல், அலகைப் பிளந்து தண்ணீரை ஊற்றுவது. வாயைத் திறந்து பாருங்கள்: நாக்குக்குப் பின்னால் ஒரு சின்னப் பிளவு, மூச்சுக்கு மூச்சு திறந்து மூடிக்கொண்டிருக்கும். அதுதான் மூச்சுக்குழாயின் வாய். நமக்கு இருப்பதுபோல அதன்மேல் மூடி கிடையாது. ஊற்றிய தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போகும். பிறகு கரகரவென்று சத்தம், அலகைத் திறந்து மூச்சு, சீக்கிரமே உயிர் போய்விடலாம்.

எனவே ஊசி நீக்கிய சிரிஞ்ச். 5 மில்லியைவிட 1 மில்லி சிரிஞ்ச் நல்லது. பெரியதில் தண்டு இறுகி நின்று, அழுத்தும்போது திடீரென்று 2 மில்லி பாய்ந்துவிடும். கோழியைத் துண்டில் சுற்றி, நெஞ்சு கீழே இருக்கும்படி மடியில் வையுங்கள். தலையை அண்ணாத்த வேண்டாம். அலகின் பக்கவாட்டு விளிம்பில் இரண்டே சொட்டு. அதுவே அலகைச் சப்பி விழுங்கியபின் அடுத்த இரண்டு சொட்டு. ஒரு தடவைக்கு 5 மில்லி, பகலில் மணிக்கொருமுறை. ஒன்றரைக் கிலோ கோழி நல்ல நிலையில் ஒரு நாளைக்கு 200 மில்லி வாக்கில் குடிக்கும். அந்த அளவை எட்டியே தீர வேண்டும் என்று படுத்தாதீர்கள்.

காலையில் முதல் சொட்டுக்கு முன் கழுத்தடியில் இருக்கும் இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். இரவு கழிந்தும் அது தண்ணீர்ப் பை மாதிரி தளதளவென்று நிறைந்திருந்து, வாயில் புளித்த வாடை வந்தால் உள்ளே எதுவும் இறங்கவில்லை என்று அர்த்தம். அதன்மேல் மேலும் கொடுத்தால் எதுக்களித்து மூச்சில் ஏறும். பொடி பயன்படாமல் போவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

உடம்பு குளிர்ந்திருந்தால் இரைப்பையில் இருப்பது கீழே இறங்காது. கோழியின் இயல்பான சூடு 41 டிகிரி; நம் கைக்கு அது காய்ச்சல் போலத் தெரிய வேண்டும். கால் சில்லென்று இருந்தால், அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்துக்கு மட்டும் இரண்டடி உயரத்தில் 60 வாட் குண்டு பல்பு. சூடு அதிகமானால் மறுபக்கம் நகர அதற்கு இடம் வேண்டும். நகர முடியாத கோழி என்றால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அணைத்து வையுங்கள். சித்திரை வெயிலில் இது எதுவும் வேண்டாம், நிழல் போதும். பக்கவாட்டில் சாய்ந்து கிடக்க விடாமல், சுருட்டிய துணியை இருபுறமும் அண்டக் கொடுத்து நெஞ்சின்மேல் உட்கார வையுங்கள்.

பின்புறத்தில் எச்சம் ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். உயிரோடு இருக்கும்போதே அது நடப்பதுதான் கொடுமை.

கழுத்து முறுக்கிக்கொண்டாலோ, அடுத்தடுத்துக் கோழிகள் சாய்ந்தாலோ அது வெள்ளைக்கழிச்சலாகவோ பறவைக் காய்ச்சலாகவோ இருக்கலாம். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கோ பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கோ சொல்லுங்கள். வலிக்கு மருந்து வேண்டுமென்றாலும் மருத்துவர் எடை பார்த்துச் சொல்லட்டும். வீட்டு மாத்திரையை நுணுக்கிக் கொடுக்க வேண்டாம்.

சொட்டு விட்டும் விழுங்காமல் அலகோரம் வழிகிறதென்றால் பொடியின் வேலை முடிந்தது. சிரிஞ்சை வைத்துவிட்டு, பஞ்சைச் சாதாத் தண்ணீரில் நனைத்து அலகோரம் ஒற்றினால் போதும். கடைசியில் இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொள்ளும். நினைவு தப்பியபின் தசை தானாகத் துடிப்பது அது. அழுத்திப் பிடிக்காமல், அடிபடாதபடி துண்டின்மேல் லேசாகக் கையை வைத்திருங்கள்.