மணல் வரும் போர்வெல்லுக்கு ரிப் ஸ்கிரீன் பைப்: வாங்கலாமா?

பாபநாசம் தாலுகாவில் கொள்ளிடத்தை ஒட்டி எங்கள் நிலம். களியும் மணலும் மாறி மாறி வரும் மண். பழைய போரில் சாதா கேசிங் பைப்பை ரம்பத்தால் கீறி, நைலான் வலை சுற்றி இறக்கியிருந்தார்கள். வலை கிழிந்ததும் தண்ணீரோடு மணலும் வந்தது. பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் தேய்ந்து, வாய்க்காலில் விழும் தண்ணீர் பாதியாகிவிட்டது. அதனால் புதுப் போருக்கு ரிப் ஸ்கிரீன் பைப், அதாவது தண்ணீர் புக மெல்லிய கீறல்களோடு வரும் பி.வி.சி. பைப், வாங்கினோம்.

இந்தப் பைப்பின் வெளிப்பக்கம் நெடுக வரிவரியாகப் புடைத்திருக்கும். காசு கொடுப்பதே அந்தப் புடைப்புக்குத்தான். சுற்றிலும் கொட்டும் கூழாங்கல் அதில் முட்டி நிற்பதால் ஸ்லாட் எனும் அந்தக் கீறல்களை அடைப்பதில்லை. இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 12818 என்று பைப்பிலேயே அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்லாட் அளவைக் கடைக்காரரிடம் விட்டால் கையில் இருப்பதைக் கொடுத்துவிடுவார். பக்கத்து வயலில் போர் போட்டபோது வந்த மணலைக் காயவைத்துச் சலித்துப் பார்த்தோம். பெரும்பாலும் கால் மில்லிமீட்டர். கூழாங்கல் அதைப்போல் 5, 6 மடங்கு இருக்க வேண்டும், அதாவது ஒன்றரை மி.மீ. வாக்கில். அந்தக் கல் உள்ளே நுழையாதபடி 0.75 மி.மீ. ஸ்லாட் எடுத்தோம். முக்கால் அங்குல ஜல்லியைக் கொட்டிவிட்டு ஃபில்டர் போட்டாச்சு என்பவர்களும் உண்டு. அந்த இடுக்கில் மணல் தாராளமாகப் புகுந்து வரும்.

பைப் மட்டும் நன்றாக இருந்தால் போதாது. துளை போட்ட ரோட்டரி செட்காரர்கள் பென்டோனைட் களிமண் கரைசலைத் துளையின் வாய்வரை நிரப்பியே வைத்திருந்தார்கள். மட்டம் இறங்கினால் சுவர் சரிந்துவிடும். கல்லையும் சட்டி சட்டியாக, நிதானமாக விட்டார்கள். மொத்தமாகக் கவிழ்த்தால் பாதியில் சிக்கிக்கொண்டு அடியில் வெற்றிடம் விழும். அப்புறம் கம்ப்ரசரால் காற்று விட்டுப் போரைக் கழுவினார்கள். முதலில் குழம்புபோல் வந்து, பிறகு வெறும் கலங்கலாகி, கடைசியில் வெள்ளை பக்கெட்டின் அடியைத் தடவினால் விரலில் எதுவும் நறநறக்கவில்லை.

மும்முனை கரண்ட் வந்து போகிற ஊரில் மோட்டார் நின்று நின்று ஓடும். ஒவ்வொரு முறையும் சட்டென்று உறிஞ்சினால் மணல் அசையும். கேட் வால்வைக் கொஞ்சமாகத் திறந்து வைத்து ஓட்டிவிட்டு, பிறகு முழுசாகத் திறக்கிறோம். எண்ணெய்க் கிணற்று வேலையில் இருக்கும் என் மச்சானிடம் இதைச் சொன்னேன். கோடையில் எரிவாயுவை நிலத்தடி மணற்பாறையில் ஏற்றிக் குளிர்காலத்தில் எடுக்கும் வெளிநாட்டுச் சேமிப்புக் கிணறுகளிலும் இதே தலைவலிதானாம்: அழுத்தம் ஏறி இறங்கிப் பாறையின் பிடிமானம் தளரும், வேகமாக எடுத்தால் மணல் வந்து வால்வை அரிக்கும். அங்கேயும் ஸ்கிரீன், கூழாங்கல், நிதானம்தானாம். பைப் மட்டும் எஃகு.

குறை என்றால், விலை சாதா பைப்பைவிட நன்றாகவே கூடுதல். வெயிலில் கிடந்தால் வளைகிறது. பைப்புகளை இணைக்கும் மரையில் மணல் ஒட்டினால் சரியாக ஏறாது, தரையில் போடாமல் கட்டைமேல் அடுக்குங்கள். அடிமூடியைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்; எங்கள் பில்லில் அது இல்லை, இறக்குகிற அன்று கும்பகோணத்துக்கு ஆள் விட்டு வாங்கி வந்தோம்.