பூமியும் வெள்ளியும்: ஒரே அளவு, வேறு விதி

தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவகிரகக் கற்களில் சுக்கிரனுக்கும் ஒன்று உண்டு. அலை நனைக்க நனைக்க நிற்கிறது. வானத்தில் இருக்கும் அசல் சுக்கிரனுக்கு, அதாவது வெள்ளிக் கோளுக்கு, அந்தக் கொடுப்பினை இல்லை. அதன் தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. இரண்டு கோள்களையும் ஒப்பிட்டால் மற்ற எல்லா வித்தியாசமும் இதில்தான் வந்து முடிகிறது என்பது என் கணிப்பு.

அளவில் பெரிய சண்டை இல்லை. பூமியின் விட்டம் 12,742 கி.மீ., வெள்ளியின் விட்டம் 12,104 கி.மீ. இங்கே 60 கிலோ காட்டும் ஆள் அங்கே 54 கிலோ காட்டுவார், அவ்வளவுதான்.

வெப்பத்தில்தான் தலைகீழ். நம் ஊர் சித்திரை வெயில் 40 டிகிரிக்குப் பக்கம் போனாலே புலம்புகிறோம். அங்கே தரையில் இரவும் பகலும் சுமார் 465 டிகிரி, ஈயம் உருகிவிடும். 'சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கிறதே' என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். நமக்கும் சூரியனுக்கும் 15 கோடி கி.மீ., அதற்கு 10.8 கோடி கி.மீ. என்பது உண்மைதான். ஆனால் வெள்ளியைப் போர்த்தியிருக்கும் மேகம் விழுகிற வெளிச்சத்தில் முக்கால்வாசியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. அதனால்தான் விடிவெள்ளி அப்படி ஜொலிக்கிறது. மிச்சமாக உள்ளே போகும் வெயில், பூமி வாங்குவதைவிடக் குறைவு!

அப்புறம் எப்படி இந்தச் சூடு? காற்று. அங்கே 96.5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. உள்ளே வந்த வெப்பத்தை வெளியே விடாது. நம் காற்றில் அது 0.04 சதவீதம்தான். ஆனால் பூமியிடமும் கிட்டத்தட்ட அதே அளவு சரக்கு இருக்கிறது, வேறு இடத்தில்.

எங்கே என்று தெரிய தனுஷ்கோடிக்குப் போனால் போதும். 1964 டிசம்பர் புயலில் சிதைந்த சர்ச்சின் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பூச்சு உதிர்ந்த இடத்தில் துளைத்துளையாக, பூ வரைந்ததுபோல் ரேகைகளோடு கல் தெரியும். அது பவளப்பாறைக் கல், முழுக்கச் சுண்ணாம்பு. காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு மழையில் கரைந்து, பாறையை அரித்து, ஆற்றோடு கடலில் சேர்கிறது. அங்கே சிப்பியும் பவளமும் அதைச் சுண்ணாம்பாக்கிவிடுகின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகளாக நடக்கிற வேலை. மழையும் கடலும் இருந்ததால் நம்முடையது கல்லாகிப் படிந்தது. வெள்ளியில் அப்படியே காற்றில் நிற்கிறது.

வெள்ளியில் ஒரு காலத்தில் கடல் இருந்து வற்றியதா, இல்லை நீராவி தண்ணீராக இறங்காமலேயே போய்விட்டதா? ஆய்வாளர்கள் இன்னும் இரு கட்சி. நீராவியைச் சூரியனின் புற ஊதாக் கதிர் உடைத்து, ஹைட்ரஜன் விண்வெளிக்குத் தப்பிவிட்டது என்பதில் மட்டும் பெரிய தகராறு இல்லை.

காற்றின் அழுத்தம் நம்மைப் போல 92 மடங்கு. கடலில் 900 மீட்டர் ஆழத்தில் இருப்பதற்குச் சமம். பாக் நீரிணையில் அந்த ஆழமே இல்லை, மன்னார் வளைகுடாவின் தெற்கே போய்த்தான் தேட வேண்டும். 1982-ல் இறங்கிய சோவியத்தின் வெனெரா 13 விண்கலம் அந்த நெருக்கடியில் 127 நிமிடம் தாங்கியது. அதுவே பெரிய சாதனை.

மற்றவை சில்லறை. அங்கே சூரியன் மேற்கே உதிக்கும், அடுத்த விடியலுக்கு நம் கணக்கில் 117 நாள் காத்திருக்க வேண்டும். நிலா இல்லை. கந்தக அமில மழை உண்டு, அதுவும் தரையைத் தொடுமுன்னே ஆவியாகிவிடும்.

வெள்ளிக்கும் ஒரு மதிப்பெண் போடத்தான் வேண்டும். தரையிலிருந்து 50, 55 கி.மீ. உயரத்தில் வெப்பமும் அழுத்தமும் ஏறக்குறைய நம் ஊர் மாதிரியே. எல்லாரும் செவ்வாய், செவ்வாய் என்கிறார்கள். எனக்கு என்னவோ வெள்ளியில்தான் கேள்விகள் அதிகம் என்று படுகிறது. இஸ்ரோவின் வெள்ளி சுற்றுக்கலத் திட்டத்துக்கு 2024 செப்டம்பரில் ஒப்புதல் கிடைத்தது, 2028-ல் ஏவ உத்தேசம். மேகத்தைத் துளைத்துப் பார்க்கும் ரேடாரும் அதில் போகிறது.