போர்ட் லூயிஸில் வேலை, குடியிருப்பு எங்கே? ரோஸ் ஹில், கத்ர் போர்ன், கியூர்பிப், மோக்கா, வடக்கு

மொரீஷியஸுக்குக் குடும்பத்தோடு வேலைக்கு வருகிறவர்கள் வீடு பார்க்கும்போது முதலில் கேட்பது, "ஆபீஸிலிருந்து எத்தனை கிலோமீட்டர்?" என்றுதான். இங்கே அந்தக் கேள்வியால் பெரிய பிரயோஜனம் இல்லை. தீவே வடக்கு தெற்காக ஏறக்குறைய 65 கிலோமீட்டர்தான். குடும்பங்கள் வழக்கமாக வாடகைக்குப் பார்க்கும் ஊர்கள் தலைநகரான போர்ட் லூயிஸிலிருந்து 25 கிலோமீட்டர் வட்டத்துக்குள் அடங்கிவிடும். கடல்மட்டத்திலிருந்து ஊர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். துணி காயுமா, ராத்திரி தூக்கம் வருமா, கூட வரும் அப்பத்தாவுக்கு மூட்டு வலி கூடுமா என்பதெல்லாம் அதை வைத்துத்தான் முடிவாகிறது.

போர்ட் லூயிஸையே முதலில் கழித்துவிடலாம். மூன்று பக்கம் மலை அடைத்துக்கொண்டிருப்பதால் தென்கிழக்குக் காற்று நகருக்குள் சரியாக இறங்குவதில்லை. டிசம்பரிலிருந்து மார்ச் வரை கான்கிரீட் வீடுகள் பகலில் வாங்கிய சூட்டை விடியும்வரை கக்கும். வெள்ளமும் உண்டு. 2013 மார்ச் 30 அன்று கொட்டிய மழையில் 11 பேர் இறந்தார்கள், அதில் பலர் துறைமுகக்கரை வணிக வளாகமான கோதான் பக்கத்துச் சுரங்க நடைபாதையிலும் நிலத்தடி வாகன நிறுத்தத்திலும் சிக்கியவர்கள். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்த அன்றும் நகரத் தெருக்களில் கார்கள் மிதந்தன. சேன்ட் க்ருவா பக்கம் கயிலாசன் கோவிலைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறையாக இருக்கிறார்கள், அவர்களுக்கு அது சொந்த ஊர். புதிதாக வந்து, கைக்குழந்தையோடு வாடகைக்குப் போக நான் சொல்லமாட்டேன்.

நகரத்தில் வேலை, மேட்டில் வீடு என்ற ஏற்பாடு ஒன்றரை நூற்றாண்டுப் பழையது. 1866 தொடங்கி மலேரியா போர்ட் லூயிஸை உலுக்கியபோது, கையில் காசு இருந்தவர்கள் மேட்டு நிலத்துக்கு ஏறினார்கள். ஒரு வருடம் முன்னால், 1865-ல்தான், அந்த மேடு வழியாக ரயில் பாதை திறந்திருந்தது. பயணிகள் ரயில் 1956-ல் நின்றுபோனது. இப்போது ஓடும் மெட்ரோ பெரும்பாலும் அந்தப் பழைய தடத்தையே பிடித்துப் போகிறது. 2019 கடைசியில் ரோஸ் ஹில் வரை ஓடத் தொடங்கி, 2022-ல் கியூர்பிப்பைத் தொட்டது. அடுத்த வருடம் ரோஸ் ஹில்லிலிருந்து எபேன் வழியாக ரெதுய்க்கு ஒரு கிளையும் பிரிந்தது. பிரதான தடத்தின் நீளம் 26 கிலோமீட்டர். வடக்குக்கும் கிழக்குக்கும் மெட்ரோ இல்லை. கார் வாங்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லையென்றால் உங்கள் பட்டியலில் பாதி இங்கேயே குறைந்துவிடும்.

ரோஸ் ஹில்லா, கத்ர் போர்னா என்பதுதான் பெரும்பாலோருக்கு உண்மையான போட்டி. இரண்டும் மிதமான உயரத்தில் இருக்கின்றன. போர்ட் லூயிஸின் புழுக்கமும் கிடையாது, கியூர்பிப்பின் ஈரமும் கிடையாது. இரண்டிலிருந்தும் காலையில் மெட்ரோ ஏறினால் நெரிசலில் மாட்டாமல் தலைநகரில் இறங்கலாம்.

ரோஸ் ஹில்லின் பலம் அதன் சந்தி. மெட்ரோவின் இரண்டு தடமும் அங்கே சேருகின்றன. கணவனுக்கு போர்ட் லூயிஸில் வேலை, மனைவிக்கு எபேன் சைபர் சிட்டியில் வேலை என்றால் இதைவிட வசதியான ஊர் இல்லை. ஆளுக்கொரு திசையில் ஏறி, சாயங்காலம் ஒரே நிலையத்தில் இறங்கலாம். பேருந்து, மருந்துக் கடை, காய்கறிச் சந்தை, தோல் பூரி (பருப்பு வைத்த பூரி) வண்டி எல்லாம் நடை தூரம். பக்கத்தில் ஒட்டிக்கிடக்கும் போ பசானில் பால்ஃபர் தோட்டம் இருக்கிறது, பிள்ளைகளை ஓடவிடலாம். குறையும் அந்தச் சந்தியால்தான். பிரதான சாலையை ஒட்டிய வீடுகளில் சத்தம் அதிகம், சந்துகள் குறுகல், கார் நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம். கட்டடங்களும் பழையவை. இந்தத் தீவில் 1960-ல் கரோல் புயல் வீசிய பிறகு மரவீட்டை விட்டு எல்லோரும் கான்கிரீட்டுக்கு மாறினார்கள். அந்தக் காலத்து வீடுகள் ரோஸ் ஹில்லில் நிறைய நிற்கின்றன. உறுதிக்குக் குறைவில்லை. குழாயும் மின்கம்பியும் எந்தக் காலத்தவை என்று மட்டும் பாருங்கள்.

கத்ர் போர்னில் தெருக்கள் கொஞ்சம் அகலம், மதில் வைத்த தனி வீடுகள் அதிகம். வாரச் சந்தை தீவு முழுக்கப் பெயர் பெற்றது. காய்கறிக்குத் தனி நாள், துணிமணிக்குத் தனி நாள் என்று கூட்டம் அலைமோதும், அன்றைக்கு அந்தப் பக்கம் காரை எடுக்காமல் இருப்பது புத்திசாலித்தனம். அரசின் விக்டோரியா மருத்துவமனை கான்டோஸில், ஊர் எல்லையிலேயே இருக்கிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறினால் இதன் அருமை புரியும். நம்மவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஊருக்குப் பின்னால் எழும் கோர் த கார்ட் மலைச்சரிவில் முருகன் கோவில். தைப்பூசம் இங்கே அரசு விடுமுறை. அன்று மஞ்சளும் ரோஜா நிறமுமாக உடுத்திய கூட்டம் காவடியோடு ஏறுவதைப் பார்த்தால் பழநி நினைவுக்கு வராமல் போகாது. அந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு வீட்டுப் பேச்சு, பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல்தான், வேல் வேல் என்ற குரலில் மட்டும் வித்தியாசம் தெரியாது.

இரண்டில் ஒன்றைச் சொல் என்றால், இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு ரோஸ் ஹில். ஒருவர் பிள்ளைகளோடு வீட்டில் இருப்பார், பெரியவர்களும் கூட இருப்பார்கள் என்றால் கத்ர் போர்ன். வாடகை கத்ர் போர்னில் சற்றுக் கூடத்தான் இருக்கும், அது கொடுத்துத் தகும்.

கியூர்பிப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்களை அதிகம் மயக்குவது அதுதான். அதே வாடகைக்குப் பெரிய வீடு, தோட்டம், சில இடங்களில் பழைய பிரெஞ்சுக்காரர் கட்டிய மாளிகைச் சாயல். பக்கத்தில் த்ரூ ஓ செர்ஃப் எரிமலைவாய், நடைப்பயிற்சிக்கு அருமை. நகராட்சிக் கட்டடத்தின் அருகே கார்னெகி நூலகம். தாவரவியல் தோட்டத்தில் உலகில் வேறெங்கும் இல்லாத, ஒற்றை மரமாகவே எஞ்சிய ஒரு பனைவகை கம்பி வேலிக்குள் நிற்கிறது. பிள்ளைகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இது போதும். எல்லாம் சரி. ஆனால் ஊர் இருப்பது ஏறக்குறைய 550 மீட்டர் உயரத்தில். தென்கிழக்கிலிருந்து வரும் ஈரக் காற்று மேடேறும்போது குளிர்ந்து மழையாகிறது. கடற்கரையில் வெயில் அடிக்கும் அதே மணியில் இங்கே தூறிக்கொண்டிருக்கும். ஜூலை, ஆகஸ்டில் ராத்திரி வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே போவது சகஜம். எண்ணைப் பார்த்து ஊட்டியோடு ஒப்பிட்டுச் சிரிக்காதீர்கள், வீட்டுக்குள் கணப்பு கிடையாது, சுவரெல்லாம் ஈரம் குடித்த கான்கிரீட்.

மதுரையிலிருந்து வந்த நண்பர் குடும்பத்துக்காக அங்கே ஒரு வீடு பார்க்கப் போனோம். புது வெள்ளை, பளபளவென்று தரை. நண்பரின் மனைவி பேசாமல் படுக்கையறைக்குப் போய், சுவரோடு பதித்த அலமாரியைத் திறந்து, அடித்தட்டில் கையை வைத்துத் தடவினார். விரல் நுனியில் கறுப்பாக ஒட்டியது. பின்பலகையின் மூலையில் பூஞ்சைக் காளான் விரல்கடை அகலத்துக்குப் படர்ந்திருந்தது. சுண்ணாம்பு அடித்தவர் அலமாரிக்குள் அடிக்கவில்லை. அவர்களுடைய மகனுக்கு இழுப்பு உண்டு. வீட்டுக்காரர் அம்மா அன்பாகக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, "யோசித்துச் சொல்கிறோம்" என்று கிளம்பினோம். ஆஸ்துமா, மூக்கடைப்பு உள்ள பிள்ளைகள் இருந்தால் கியூர்பிப்பும், அதை ஒட்டிய ஃப்ளோரியாலும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. உடம்பு ஒத்துக்கொள்கிறவர்களுக்கு அது நல்ல ஊர்தான். பிரெஞ்சுவழிக் கல்வி வேண்டுமென்றால் லா பூர்தொனே லீசே அங்கேதான் இருக்கிறது, மெட்ரோவும் அங்கிருந்தே கிளம்புவதால் உட்கார இடம் நிச்சயம்.

வாக்வா இரண்டுக்கும் நடுவில். கியூர்பிப்பைவிடச் சற்றுத் தாழ்வு, கத்ர் போர்னைவிடக் குளிர். கத்ர் போர்னில் வாடகை கட்டுப்படியாகவில்லை என்றால் இதைப் பாருங்கள். தீவின் மிகப் பெரிய நீர்த்தேக்கமான மார் ஓ வாக்வா பக்கத்தில் இருந்தும் சில தெருக்களில் குழாய்த் தண்ணீர் நேரக்கணக்கில்தான் வரும் என்பது வேடிக்கை.

மோக்கா வேறு ரகம். மலையடிவாரம், பசுமை, புதிதாக எழும்பிய குடியிருப்பு வளாகங்கள், காவலர் நிற்கும் வாசல். பகாத்தேல் மால், வெல்கின் மருத்துவமனை, லெ போகாஜ் போன்ற தனியார் சர்வதேசப் பள்ளிகள் எல்லாம் அந்த வட்டாரத்தில். நிறுவனமே வாடகையும் பள்ளிக் கட்டணமும் கொடுக்கிறதென்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். சொந்தக் காசென்றால் யோசிக்க வேண்டும். வளாகப் பராமரிப்புத் தொகை வாடகையில் சேர்ந்ததா, தனியா என்று கேளுங்கள். கார் இல்லாமல் அங்கே வாழ்க்கை ஓடாது. இன்னொன்று, வளாகத்துக்குள் பக்கத்து வீட்டில் யார் என்று ஆறு மாதமானாலும் தெரியாது. ரோஸ் ஹில்லில் இரண்டாவது வாரமே பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கொத்துக் கீரை நீட்டுவார்.

வடக்கை அவசரமாகத் தள்ளிவிட வேண்டாம். ட்ரியோலே, பாம்ப்ளமூஸ் பக்கம் வெயிலும் கடற்காற்றும், துணி மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை த்ரூ ஓ பீஷ் கடற்கரைக்குப் பத்து நிமிடம். ஊர்க்காரர்கள் பெரும்பாலும் இந்திய வம்சாவளி, கோவில் குளம், காய்கறி, மசாலா எதற்கும் பஞ்சமில்லை. அரசு மருத்துவமனை பாம்ப்ளமூஸில். நெருக்கடி சாலையில்தான். நெடுஞ்சாலை நன்றாக ஓடி, தலைநகருக்குள் நுழையும் இடத்தில் காலையில் இறுகிவிடும். ஆறரைக்குக் கிளம்புகிறவருக்கும் ஏழரைக்குக் கிளம்புகிறவருக்கும் வித்தியாசம் கண்கூடு. பேருந்தில் போனாலும் இதே கதை, அதோடு பொழுது சாய்ந்ததும் வண்டிகள் அருகிவிடும். ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்கு வடக்கு சரிவராது. க்ரான் பேயில் வீடு தேடாதீர்கள், அங்கே வாடகை சுற்றுலாக்காரர் பையைப் பார்த்து வைத்தது. உள்ளே தள்ளி ட்ரியோலே, ஃபோன் து சாக் பக்கம் பாருங்கள்.

பிள்ளைகளை அரசு ஆரம்பப் பள்ளியில் சேர்க்கப் போகிறீர்களென்றால் வீட்டைத் தேர்வதும் பள்ளியைத் தேர்வதும் ஒன்றுதான். முதல் வகுப்புச் சேர்க்கை வசிக்கும் பகுதியை வைத்து நடக்கிறது, முகவரிக்குச் சான்று கேட்பார்கள். மின்சாரக் கட்டணச் சீட்டு வீட்டுக்காரர் பெயரில் இருக்கும் என்பதால், கையெழுத்திட்ட வாடகை ஒப்பந்தமும் அந்தச் சீட்டின் நகலும் தருவாரா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள். ஆரம்பப் பள்ளிகளில் தமிழ் விருப்பப் பாடமாக உண்டு. ஆனால் எந்தப் பள்ளியில் தமிழாசிரியர் இருக்கிறார் என்று நேரில் போய்க் கேட்டுக்கொள்வது நல்லது. பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது, அதனால் நவம்பர், டிசம்பரில் நல்ல வீடுகள் சீக்கிரம் போய்விடும்.

வாடகைக்கு வரும் வீடுகளில் பாதி, வீட்டுக்காரர் கீழே இருக்க மேல்மாடியை விடுவதாக இருக்கும். மகனுக்கென்று கட்டிய மாடி, மகன் பிரான்சிலோ ஆஸ்திரேலியாவிலோ இருப்பான். மொட்டைமாடியில் அடுத்த தளத்துக்கென்று கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். தட்டைக் கூரை என்பதால் ரோஸ் ஹில்லுக்குக் கீழே உள்ள ஊர்களில் மேல்மாடி கோடையில் கொதிக்கும், மேட்டு ஊர்களில் அதே மாடிதான் கொஞ்சம் உலர்ந்திருக்கும். தண்ணீர்த் தொட்டி தனியா, பொதுவா என்று ஏறிப் பாருங்கள். வறட்சி முற்றும் அக்டோபர், நவம்பரில் குழாய் சில மணி நேரம்தான் ஓடும். பொதுத் தொட்டி என்றால் கீழ்வீட்டில் தோட்டத்துக்குப் பாய்ச்சும் அன்று உங்கள் சமையலறையில் காற்றுதான் வரும். வீட்டுக்காரரைக் கேட்டால் "தண்ணீருக்குக் கவலையே இல்லை" என்பார். எதிர்க்கடையில் ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கிக்கொண்டு, "கி லேர் டிலோ வினி?" (தண்ணீர் எத்தனை மணிக்கு வரும்?) என்று கிரியோலில் கேளுங்கள். எத்தனை மணிக்கு வரும், எந்த மாதம் நிற்கும், போன குடித்தனம் ஏன் காலி செய்தது என்பது வரை சொல்லிவிடுவார்கள்.